உங்களுக்குத் தெரியுமா? நீரை விட்டுக் காற்றில் ஏறும் நஞ்சு

எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளின் கழிவுநீரில் கலந்திருக்கும் பென்சீன், டொலுயீன் முதலிய ஆவியாகும் இரசாயனங்கள், அந்நீர் திறந்த கால்வாய்களிலும் தொட்டிகளிலும் ஓடித் தேங்கும்போதும், நுண்ணுயிர்களுக்குப் பிராணவாயு ஊட்டும்பொருட்டு அதனுள் காற்றுச் செலுத்தப்படும்போதும், கணிசமான அளவில் நீரைத் துறந்து வாயுமண்டலத்தை அடைகின்றன.

நீரில் கரைந்து நிற்கும் வாயுவின் அளவு, நீர்ப்பரப்பின்மேல் அவ்வாயு கொண்டுள்ள அழுத்தத்துக்கு ஏற்பவே அமையும் என்று 1803-ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் வில்லியம் ஹென்றி கண்டுரைத்த விதியே இதற்கும் ஆதாரம். புதிய காற்று இடையறாது வந்து செல்லுமிடத்தில் அவ்வழுத்தம் உயர்வதில்லையாதலால், கரைந்தவை இடையறாது வெளியேறுகின்றன.

பென்சீன் மனிதருக்கு இரத்தப் புற்றுநோயை விளைவிக்கும் என்பது ஐயமற நிரூபணமான உண்மை. ஆதலின், கழிவுகளில் ஆண்டுக்கு 10 மெட்ரிக் டன்னோ அதற்கு மேலோ பென்சீன் கொண்ட ஆலைகள், அக்கழிவு செல்லும் தொட்டிகளையும் வடிகால்களையும் மூடி, எழும் ஆவியைக் கரிப்படுகையில் ஈர்த்தோ எரித்தோ அடக்க வேண்டுமென்று அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு நிறுவனம் 1990-இல் விதித்தது.

நீர் தெளிந்ததனால் மட்டும் நஞ்சு ஒழிந்ததாகாது; அது காற்றில் குடியேறாமல் தடுக்கப்பட்டாலன்றிச் சுத்திகரிப்புப் பூர்த்தியாவதில்லை.