தலைவாசல் ஒன்று, சாவிகள் பல

கோவை நகரசபைத் தலைவராக இருந்த ரத்தினசபாபதி முதலியாரின் பெயரால் அமைந்த பேட்டை அது. நீளமான பெயரைச் சொல்ல யாருக்குப் பொறுமை இருக்கிறது? ஆர்.எஸ்.புரம் என்ற மூன்று சொல்லில் அடங்கிவிட்டது. அங்கே ஒரு மாடியில் என் நண்பர் ஒருவரின் காரியாலயம் இருக்கிறது. பட்டறையோ ஆவாரம்பாளையத்தில். பம்பு செட்டுக்கு வேண்டிய உதிரிப் பாகங்கள் செய்கிறார்கள். மொத்தம் முப்பத்தெட்டுப் பேர்.

சென்ற ஆண்டு அவரைப் பார்க்கப் போனபோது, மேஜை மீது ஓர் இம்பெல்லர் காகிதங்களுக்குப் பாரமாக உட்கார்ந்திருந்தது. "நல்ல காகிதப் பாரம்" என்றேன். "விலை உயர்ந்த பாரம். இதனோடு பிறந்தவை நூற்றிருபது. எல்லாம் உலைக்கே திரும்பிவிட்டன" என்றார் நண்பர்.

காலை வணக்கத்தில் புதைந்த செய்தி

நடந்தது இதுதான். நடுத் துவாரத்தின் அளவைக் கொஞ்சம் குறைக்கும்படி வாடிக்கைக்காரர் சொல்லியிருக்கிறார். காரியாலயத்தில் உள்ளவர் அதை உடனே வாட்ஸப் குழுவில் போட்டுவிட்டார். அவர் கடமை முடிந்தது. அன்று வெள்ளிக்கிழமை. அதன் மேல் ஒரு கல்யாணப் பத்திரிகை, இரண்டு பிறந்த நாள் வாழ்த்து, பூங்கொத்துடன் கூடிய பதினான்கு காலை வணக்கங்கள் வந்து குவிந்தன. திங்களன்று லேத்தில் நின்றவர் கையில் இருந்தது பழைய டிராயிங். சிறிய துவாரத்தைப் பெரிதாக்கலாம். பெரிதாகக் குடைந்ததைச் சிறிதாக்க முடியுமா?

இதில் யாரைக் குற்றம் சொல்வது? செய்தி அனுப்பியவர் அனுப்பினார். லேத்துக்காரர் கொடுத்ததைக் கடைந்தார். எது கடைசி டிராயிங் என்று சொல்லும் ஓர் இடந்தான் அந்த ஸ்தாபனத்தில் இல்லை.

ஜினீவாவில் பிறந்த யோசனை

இந்தத் தொல்லை ஆவாரம்பாளையத்துக்கு மட்டும் உரியது என்று எண்ண வேண்டாம். ஜினீவாவுக்கு அருகே செர்ன் என்ற பெரிய அணு ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அங்கே ஆயிரக்கணக்கானோர் வருவார்கள். இரண்டு வருஷம் போல இருந்துவிட்டுப் போவார்கள். போகிறவரோடு அவர் அறிந்த விஷயமும் போய்விடும். இதற்குப் பரிகாரம் தேடித்தான் டிம் பெர்னர்ஸ் லீ என்பவர் 1989-இல் ஒரு யோசனையை எழுதித் தம் மேலதிகாரியிடம் நீட்டினார். அதிலிருந்து பிறந்ததே இன்று உலகத்தைப் பின்னியிருக்கும் வலை. அந்த வலை ஆரம்பத்தில் அங்கே மிகவும் பயன்பட்ட காரியம் எது தெரியுமா? நிலையத்தின் டெலிபோன் டைரக்டரி!

ஆறு ஆண்டு கழித்து, 1995-இல், வார்டு கன்னிங்ஹாம் என்ற அமெரிக்கர் படிப்பவரே திருத்தவும் கூடிய பக்கங்களை அமைத்தார். அவற்றுக்கு 'விக்கி' என்று பெயர். ஹவாய் மொழியில் 'விரைவு' என்று பொருள். பெரிய கம்பெனிகள் இவற்றையெல்லாம் சேர்த்துத் தங்களுக்கென்று உள்வாசல் கட்டிக்கொண்டன. இன்று முப்பது பேர் வேலை செய்யும் பட்டறைக்கும் அது எட்டும் பொருளாகிவிட்டது. அதற்குத்தான் 'போர்ட்டல்' என்று பெயர். நம் பாஷையில் தலைவாசல்.

வாசலுக்குள் என்ன இருக்கிறது?

நம் கிராமத்து வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். தலைவாசல் ஒன்றுதான். உள்ளே நுழைந்தால் ஆசாரம், சமையற்கட்டு, நெல் வைக்கும் அறை என்று தனித்தனி. வந்தவர்கள் எல்லோரும் ஆசாரத்தில் உட்காரலாம்; பெட்டிச் சாவி வீட்டுக்காரர் இடுப்பில். போர்ட்டலும் அவ்விதமே. ஒவ்வொருவருக்கும் ஒரு பெயர், ஒரு ரகசியச் சொல். அறிவிப்பும் லீவு விண்ணப்பமும் எல்லோருக்கும் தெரியும்; சம்பளக் கணக்கு இருவருக்கே தெரியும். டிராயிங்கைத் திருத்தினால் புதியது மேலே நிற்கும். பழையது அழியாமல், யார், எப்போது மாற்றினார் என்ற விவரத்தோடு கீழே இருக்கும். பேச்சு ஒரு பக்கம், பத்திரம் ஒரு பக்கம். காலை வணக்கத்துக்கும் இடம் உண்டு. அது டிராயிங்கின் மேல் உட்காராது, அவ்வளவுதான்.

இந்தச் சரக்கைத் தேடிக் கடல் கடந்து போக வேண்டியதில்லை. 1996-இல் அட்வென்ட்நெட் என்று தொடங்கி 2009-இல் ஜோஹோ என்று பெயர் மாறிய ஸ்தாபனம் சென்னையை அடுத்து இருக்கிறது. தென்காசிப் பக்கத்து மத்தளம்பாறையிலும் அதற்குக் காரியாலயம் உண்டு. சிறு ஸ்தாபனங்களுக்கான 'ஒர்க்பிளேஸ்', 'கனெக்ட்' முதலியவை அதன் தயாரிப்புகள். எல்லாத் தயாரிப்புகளையும் சேர்த்து உபயோகிப்போர் 10 கோடியைத் தாண்டிவிட்டதாக 2023-இல் அது அறிவித்தது. நம் ஊர்ப் பெயரையே சூடிக்கொண்ட 'கோவை.கோ' 2011-இல் சரவணகுமார் தொடங்கியது. லண்டனிலும் கோவையிலும் கால் ஊன்றிய அந்தக் கம்பெனியின் 'டாகுமென்ட்360', அறிந்ததை எழுதி அடுக்கி வைக்கும் அலமாரி போன்றது; அயல்நாட்டுக் கம்பெனிகளும் அதை வாங்குகின்றன.

போர்மனின் கேள்வி

நண்பரும் ஒரு போர்ட்டலை ஏற்பாடு செய்தார். மூன்று மாதம் அது காலியாகவே கிடந்தது. காரணம், பட்டறைப் போர்மன். நண்பரின் தகப்பனார் காலத்தவர். எந்த வார்ப்பில் எங்கே காற்றுக் குமிழி விழும் என்று தட்டிப் பார்த்தே சொல்லிவிடுவார். அவரிடம் எழுதச் சொன்னபோது, கையைத் துடைத்துக்கொண்டே கேட்டார்:

"ஏனுங்க, நாப்பது வருசமாத் தலைக்குள்ள வெச்சிருக்கறதையெல்லாம் இந்தப் பொட்டியில போட்டுட்டா, நாளைக்கு என்னைய எதுக்குங்க வெச்சிருப்பீங்க?"

நண்பருக்கு வாய் அடைத்துவிட்டது. விற்கிறவர்களின் விளம்பரத்தில் இந்தக் கேள்விக்கு விடை கிடையாது. தொழிலாளிக்கு உள்ள ஒரே ஆஸ்தி அவன் கைப்பழக்கம். அதைப் பொதுவில் வை என்பவர் தாம் எதை வைக்கப் போகிறார்?

நண்பர் இரண்டு நாள் யோசித்தார். பிறகு தம்முடைய குறிப்பேட்டை முதலில் திறந்தார். எந்த வாடிக்கைக்காரருக்கு எந்தத் தேதி வாக்குக் கொடுத்தோம், எவரிடம் பணம் நிலுவை என்பதைப் போர்மன் பார்க்கும்படி வைத்தார். "உங்க பேரு போட்டுத்தானுங்கண்ணா ஒவ்வொண்ணையும் எழுதப் போறோம். சொல்லிக் குடுக்கறதும் வேலைதானுங்க, அதுக்குத் தனியாக் கூலி உண்டு" என்றார். இரவு ஏழு மணிக்கு மேல் யாருக்கும் செய்தி அனுப்புவதில்லை என்றும், யார் எத்தனை நிமிஷம் எதைப் பார்த்தார் என்று எண்ணுவதில்லை என்றும் எழுதி முதல் பக்கத்திலேயே ஒட்டினார்.

இப்போது டிப்ளமா படித்த ஒரு பெண் பக்கத்தில் உட்கார்ந்து போர்மன் சொல்லச் சொல்லத் தமிழிலேயே தட்டுகிறாள். போன வாரம் போயிருந்தபோது நாற்பதுக்கு மேற்பட்ட குறிப்புகள் இருந்தன. ஒவ்வொன்றின் அடியிலும் அவர் பெயர்.

வாங்குமுன் கேளுங்கள்

பெரும்பாலும் தலைக்கு இவ்வளவு என்று மாதக் கட்டணம். ஆகவே ஆள் கூடினால் செலவும் கூடும். நாளை விலகுவதானால் நம் கணக்கையும் காகிதங்களையும் முழுதாகத் திருப்பி எடுக்க வழி உண்டா என்று முதலிலேயே கேளுங்கள். தலைமைச் சாவி ஒருவரிடம் மட்டும் இருக்க வேண்டாம். அவருக்குக் காய்ச்சல் வந்தால் கடையே பூட்டிக்கொள்ளும். வேலையை விட்டுப் போனவரின் பெயரை அன்றே நீக்குங்கள். சிப்பந்திகளின் சொந்த விவரங்களைக் காப்பது முதலாளியின் பொறுப்பு என்று 2023-ஆம் ஆண்டுச் சட்டமே சொல்கிறது. எல்லாவற்றையும் ஒரே நாளில் ஏற்றாதீர்கள். அடிக்கடி தவறு நேரும் ஒரே ஒரு காரியத்தை முதலில் கொண்டுவாருங்கள். என் நண்பருக்கு அது டிராயிங்.

அந்த இம்பெல்லர் இப்போது நண்பரின் மேஜையில் இல்லை. ஆவாரம்பாளையத்தில், லேத்துக்குப் பக்கத்தில், கம்ப்யூட்டருக்கு மேல் ஒரு பலகையில் இருக்கிறது. அதை அங்கே கொண்டுபோய் வைத்தவர் போர்மன்தான்.