உங்களுக்குத் தெரியுமா? எதிர்வரிசையில் பிறந்த சட்டம்

● அயர்லாந்து நாடாளுமன்றத்தின் கீழவை 'டால்' எனப்படுகிறது. டப்ளினில் உள்ள லின்ஸ்டர் மாளிகையில் அது கூடுகிறது. 2024 தேர்தலில் 174 உறுப்பினர்கள் தேர்வானார்கள்.

● செவ்வாய், புதன், வியாழன் நாள்களில் எதிர்க்கட்சித் தலைவர்கள் முன்னறிவிப்பு இல்லாமலே கேள்வி எழுப்பலாம். வீட்டு வாடகை, மருத்துவமனை நெரிசல் என எதையும் கேட்கலாம். வழக்கமாகப் பிரதமரோ துணைப் பிரதமரோ எழுந்து பதில் சொல்வார்.

● எதிர்வரிசையில் இருந்தும் சட்டம் கொண்டுவரலாம். டோனிகால் தொகுதியின் அன்றைய சுயேச்சை உறுப்பினர் தாமஸ் பிரிங்கிள், நிலக்கரி, எண்ணெய், எரிவாயு நிறுவனங்களில் அரசு முதலீட்டு நிதியைப் போடக்கூடாது என்று ஒரு மசோதா கொண்டுவந்தார். சிறுபான்மை அரசு எதிர்த்தும், 2017 ஜனவரியில் டாலில் 90-க்கு 53 என்ற வாக்கில் அது முதல் தடையைத் தாண்டியது. பின்னர் அரசும் ஒத்துழைத்தது. 2018 டிசம்பரில் மசோதா சட்டமானது.

● வருவாயில் 20 சதவீதமோ அதற்கு மேலோ இந்த எரிபொருள்களிலிருந்து ஈட்டும் நிறுவனங்களை இந்தச் சட்டம் குறிவைக்கிறது. அவற்றில் இருந்த 30 கோடி யூரோவுக்கும் மேற்பட்ட முதலீட்டை விற்க அது வழிசெய்தது.

● ஆனால் எதிர்க்கட்சிக்கு ஒரு கடிவாளமும் உண்டு. அரசுப் பணத்தைச் செலவிடச் சொல்லும் எந்த மசோதாவும், பிரதமர் கையெழுத்திட்ட அரசின் பரிந்துரை வராமல் சட்டமாக முடியாது. இது அயர்லாந்து அரசியல் சட்டத்தின் 17-ஆவது பிரிவு.