'நாம்' வேறு, 'நாங்கள்' வேறு!

குட்டீஸ், ஜன்னல், அலமாரி, சாவி... இவையெல்லாம் போர்ச்சுகீசியர் நமக்குத் தந்த சொற்கள். தெரியுமா?

அந்நாட்டவரான அண்டிரிக் அடிகளார், 16ம் நூற்றாண்டில் முத்துக்குளித்துறைக்கு வந்து தமிழ் கற்றார்; போர்ச்சுகீசிய மொழியில் தமிழ் இலக்கணமும் எழுதினார். அவர் தமிழாக்கிய 'தம்பிரான் வணக்கம்' 1578ல் கொல்லத்தில் அச்சானது.

அவர் மொழியில் 'நோஸ்' என்று ஒரே சொல், ஆங்கிலத்தில் 'வி'. தமிழிலோ 'நாம்', 'நாங்கள்' என இரண்டு! காட்பாடி ஜங்ஷனில் இறங்கும் வெளியூர்க்காரர், 'வி' வேலூர் போகிறோம் என்கிறார். நீங்களும் ஆட்டோவில் ஏறுவதா? 'நாம்' என்றால் ஏறலாம். 'நாங்கள்' என்றால் டாட்டா காட்டலாம்!

இன்னும் கேளுங்கள். போர்ச்சுகலில் நண்பனை 'து' என்பர். முதியவரை 'ஊ சென்யோர்' என்பர். ஆங்கிலத்தில் இரண்டுமே 'யூ'தான். அதைத் தமிழாக்கும்போது எல்லாவற்றையும் 'நீ' என்று எழுதினால், தாத்தாவுக்குக் கோபம் வராதா?

அக்காக்கள் மட்டும் இருந்தால் 'எலாஸ்'; ஒரே ஒரு அண்ணன் சேர்ந்தாலும் 'எலெஸ்'. ஆங்கிலத்தில் இரண்டும் 'தே'; நமக்கு 'அவர்கள்'.

எனவே, மொழிபெயர்க்கும் முன் அகராதியை மட்டும் பார்த்தால் போதாது. யார், யாரிடம், யாரைப் பற்றிப் பேசுகிறார் என்றும் பாருங்கள்!