நூல் என்றால் எந்த நூல்?

உங்கள் தையல் மெஷினின் தலையில் செருகியிருக்கும் நூற்கட்டையைச் சற்றுப் பாருங்கள். அதில் சுற்றியிருப்பதும் நூல். பக்கத்து மேசையில் பிள்ளை விரித்து வைத்துப் படிப்பதும் நூல். இரண்டுக்கும் ஏன் ஒரே பெயர்?

மல்லாவியில் தையல் தைத்துப் பிழைக்கும் ஒரு தாயின் வீட்டில் இந்தப் பேச்சு எழுந்தது. ஜுப்பாவின் கைமடிப்புப் பிரிந்துபோய்த் தைக்கக் கொண்டு போயிருந்தேன். "சாதாரண தரம் எழுதியாயிற்று மௌலவி, இனி இவள் புத்தகத்தை வைத்துவிட்டு நூலைப் பிடிக்கட்டும்" என்றார் அவர். மகள் தலைகுனிந்தபடியே, "நூல் என்றால் புத்தகமும்தானே உம்மா" என்றாள்.

அவள் சொன்னது விளையாட்டல்ல. ஏறத்தாழ 800 ஆண்டுகளுக்கு முன் பவணந்தி முனிவர் எழுதிய 'நன்னூல்' என்ற இலக்கணத்தின் பாயிரத்தில் இதற்கு விளக்கம் இருக்கிறது. சொற்கள் பஞ்சு. அறிஞனின் வாய், நூற்கின்ற கை. அவன் அறிவு, கதிர். பஞ்சைத் திரித்து இழையாக்குவதுபோல் சொற்களைக் கோத்துச் செய்வதால் அது நூல். இதில் நீங்கள் கவனிக்க வேண்டிய ஓரிடம் உண்டு. அறிஞனுக்கு உவமை தேடிய பவணந்தியார் அரசனையோ வீரனையோ பிடிக்கவில்லை. நூல் நூற்கும் பெண்ணைத்தான் பிடித்தார்.

அவரே இன்னொரு காரணமும் சொல்கிறார். மரத்தின் கோணலை ஓடாவி நூலடித்துக் கண்டு செதுக்கி நேராக்குகிறார் அல்லவா? மனத்தின் கோணலை அப்படி நேராக்குவதாலும் அது நூலாம். சுவர் கட்டும் மேசனார் இரு முனையிலும் நூல் கட்டித்தான் கல் வைக்கிறார். "ஒரு நூல் கூடிப்போச்சு" என்று தச்சு வேலைக்காரர் சொன்னால் அது அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு. கலியாணப் பேச்சுக்கு முன் 'நூல் விட்டுப் பார்ப்பதை' உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை!

அரபு மொழியிலும் இந்த உறவு உண்டு என்று சொன்னதும் அந்தத் தாய் மெஷினை நிறுத்திவிட்டார். 'கிதாப்' என்கிறோமே, அதன் வேர்ச்சொல் 'கதப'. எழுதினான் என்பது அதன் பொருள். ஆனால் தண்ணீர் கொண்டு செல்லும் தோற்பையை வாரால் சேர்த்துத் தைத்தான் என்பதற்கும் பழைய அரபிகள் அதே சொல்லைத்தான் சொன்னார்கள். அந்தத் தையலுக்கு 'குத்பா' என்று பெயர். (ஜும்ஆவின் 'குத்பா' வேறு; அதன் எழுத்துகளும் வேறு.) தோலைத் தோலோடு சேர்ப்பதும் எழுத்தை எழுத்தோடு சேர்ப்பதும் அவர்களுக்கு ஒரே வேலையாகத் தெரிந்திருக்கிறது.

சொல்லுக்குப் பல பொருள் இருப்பதால் தடுமாற்றமும் வரும். நோன்பில் ஸஹர் எதுவரை என்பதற்குத் திருமறை (2:187) கறுப்பு நூலிலிருந்து வெள்ளை நூல் தெளிவாகும் வரை என்று கூறுகிறது. கொடையால் பெயர் பெற்ற ஹாத்திம் தாயியின் மகன் அதீ (ரழி) அவர்கள் கறுப்பில் ஒன்றும் வெள்ளையில் ஒன்றுமாக இரண்டு கயிறுகளைத் தலையணையின்கீழ் வைத்து இரவெல்லாம் பார்த்தார்கள். வேறுபாடு தெரியவில்லை. காலையில் நபி (ஸல்) அவர்களிடம் சென்று சொன்னபோது, அது இரவின் இருளும் பகலின் வெளிச்சமும் என்று விளங்கியது. புகாரியில் வரும் செய்தி இது. அதீ (ரழி) அவர்களுக்கு அரபு தாய்மொழி. அப்படியிருந்தும் ஒரு சொல்லின் மேற்பொருள் அவர்களை ஓர் இரவு விழிக்க வைத்தது. மொழிபெயர்ப்பை மட்டும் புரட்டிவிட்டு மார்க்கத் தீர்ப்புச் சொல்லப் புறப்படும் நம் ஆண்கள் சிலருக்கு இதை நீங்கள்தான் எடுத்துச் சொல்ல வேண்டும்.

பேசி முடிக்கையில் அஸருக்கு நேரமாகிவிட்டது. கைமடிப்பும் தைத்து முடிந்திருந்தது. மகள் நூலின் நுனியைக் கத்தரித்து ஜுப்பாவை மடித்துத் தந்தாள்.

"உயர்தரத்துக்கு அரபும் ஒரு பாடமாக எடுக்கலாமாமே மௌலவி?" என்று கேட்டது மகளல்ல, தாய்.