விறைத்த குஞ்சும் பிழைக்கும்
வடசென்னை எம்.கே.பி. நகர் போன்ற நெருக்கமான குடியிருப்புகளிலும் நாட்டுக்கோழி வளர்ப்போர் உண்டு. முந்திப் பொரிந்த குஞ்சுகளுடன் தாய்க்கோழி அடையை விட்டு இறங்கிவிட்டால், கடைசிக் குஞ்சு ஈரத்தோடு கிடந்து விறைத்துவிடும். செத்ததென்று எறிந்துவிடக் கூடாது. மூச்சு இருக்கிறதா எனக் கவனிக்க வேண்டும்.

ஈரத்தைத் துணியால் ஒற்றி, உள்ளங்கையில் பொத்திச் சூடேற்றவும். பிறகு அட்டைப்பெட்டியின் ஒரு மூலையில் 60 வாட் குண்டு பல்பின் கீழ் விடவும். குஞ்சருகே வெப்பம் 35 டிகிரி செல்சியஸ் இருத்தல் நலம். மறுமூலை குளிர்ந்திருக்கட்டும்.

தலை தூக்கும்வரை நீர் புகட்டலாகாது, புரையேறும். பின்னர் வெதுவெதுப்பான வெல்ல நீரில் அலகை நனைக்கலாம். வயிற்றில் மஞ்சள்கரு மிச்சமிருப்பதால் இரண்டு நாள் இரையின்றித் தாங்கும். முதலில் கொல்வது குளிரே, பசியன்று.

நன்கு தேறியபின், இரவில் தாயின் இறக்கையடியில் நுழைத்துவிடலாம். காலையில் கொத்துகிறதா எனக் கவனிப்பது அவசியம்.