மனமாற்றத்திற்குப் பின்னும் ஒரு போர்

தீய வாழ்வைத் துறந்து இறைவன்பால் திரும்பிய ஒருவருக்கு, அதன்பின்னும் பாவத்தோடு போராட்டம் உண்டோ? கிறிஸ்தவ சமயத்தில் தொன்றுதொட்டு எழுந்துவரும் வினா இது. இதற்குத் தம் வாழ்வையே சான்றாக வைத்தவர் புனித அகஸ்தீனார்.

இவர் 354ஆம் ஆண்டில், வட ஆப்பிரிக்காவில் இன்றைய அல்ஜீரியா நாட்டுக்கு உட்பட்ட தகாஸ்தே என்னும் ஊரில் பிறந்தார். இளமையில் இன்பத்தையும் புகழையும் நாடி அலைந்தார். 386இல் மிலான் நகரத்துத் தோட்டமொன்றில் பவுலடியாரின் நிருபத்தைப் படித்து மனம் மாறினார். மறு ஆண்டு திருமுழுக்கும் பெற்றார்.

போர் அத்துடன் ஓய்ந்ததா? இல்லை. பத்தாண்டுகளுக்குப் பின், ஹிப்போ நகரின் ஆயராயிருந்தபோது ‘ஒப்புதல்கள்’ என்னும் நூலை எழுதத் தொடங்கினார். அதன் பத்தாம் பகுதியில், கடந்த காலத்தை ஒருபுறம் வைத்து, அன்றைய தம் உள்ளத்தையே ஆராய்கிறார். உணவை மருந்துபோல் உண்ண விரும்புகிறார்; ஆனால் பசி எங்கே முடிகிறது, சுவைவேட்கை எங்கே தொடங்குகிறது என்பது விளங்கவில்லை. கோயிலில் பாடல் கேட்கையில், பொருளினும் இசையே தம்மைக் கவர்கின்றதோ என அஞ்சுகிறார். சிலந்தி ஈயைப் பிடிக்கும் காட்சியும் அவர் சிந்தையைச் சிதறச் செய்கிறது. புகழை வெறுப்பவன் அவ்வெறுப்பைக் கொண்டே பெருமை கொள்ளக்கூடும் என்பதையும் காண்கிறார்.

உரோமர் நிருபத்தின் ஏழாம் அதிகாரத்தில், விரும்பிய நன்மையைச் செய்ய இயலாமை குறித்து வருந்தும் குரல் ஒன்று ஒலிக்கின்றது. அருள் பெறாத மனிதனின் குரல் அது என்றே அகஸ்தீனார் முதலில் கருதினார். பின்னர் அக்கருத்தை மாற்றி, அருள் பெற்றவனின் குரலும் அதுவாகலாம் என்று கொண்டார். மனிதன் தன் முயற்சியால் பாவமின்றி வாழ இயலும் என்ற பெலாஜியுஸ் கொள்கையை அவர் மறுத்ததும் இந்நோக்கினாலேயே.

மாணவர்களே! இக்கருத்தின் பயன் யாது? போர் முடிந்துவிட்டது என்று எண்ணுவோனை இறுமாப்பு பற்றுகிறது. போர் நீடிப்பதால் தன் நம்பிக்கையே பொய் என்று எண்ணுவோனை மனமுறிவு பற்றுகிறது. இவ்விரண்டினின்றும் காப்பது, போராட்டமே உயிருள்ள நம்பிக்கையின் அடையாளம் என்னும் தெளிவு.

430ஆம் ஆண்டு வண்டாலர் படை ஹிப்போவை முற்றுகையிட்டிருந்தது. நகருக்குள் நோயுற்றுக் கிடந்த முதிய ஆயர், தாவீதின் மனவருத்தச் சங்கீதங்களை எழுதுவித்துச் சுவரில் பொருத்தச் செய்தார். படுக்கையிலிருந்தவாறே அவற்றைப் படித்துக் கண்ணீர் சொரிந்தார். அவ்வாண்டிலேயே உயிர் நீத்தார்.