இரட்டை எரிபொருள் மின்பிறப்பாக்கி: ஒத்த இரண்டில் எதனைத் தெரிவது?

மாரி மழை பொழிந்து, வாவி பெருகி, படுவான்கரைப் பாதைகள் நீரில் மறையும் நாட்களில் மின்சாரமும் நின்றுபோவது மட்டக்களப்புக் கமக்காரர் அறிந்த துன்பமேயாகும். 1978ஆம் ஆண்டு நவம்பர் 23ஆம் நாள் வீசிய சூறாவளியின் அழிவை முதியோர் இன்றும் கூறுவர். 2022ஆம் ஆண்டு மார்ச்சு மாத இறுதியில், புயல் ஏதுமின்றியே, நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு நிகழ்ந்தது. 2025 பெப்ரவரி 9ஆம் நாளும் நாடெங்கும் மின்சாரம் தடைப்பட்டது. ஆகையால், பெற்றோலிலும் சமையல் எரிவாயுவிலும் இயங்கும் சிறு மின்பிறப்பாக்கியொன்றை வீட்டில் வைத்திருக்கப் பலர் விரும்புகின்றனர்.

கடையில் இரண்டு இயந்திரங்கள் அருகருகே நிற்கும். நிறம் வேறு, பெட்டியில் எழுதிய எண் ஒன்றே, விலையில் மட்டும் சிறிது வேற்றுமை. எதனை வாங்குவது? பெட்டியின் பெரிய எண்ணை விடுத்து, பின்வரும் நான்கினை ஆராய்ந்தே முடிவு செய்தல் வேண்டும்.

1. தொடர்ந்து தரும் வலு

பெட்டியின் மேல் பெரிதாகக் காணப்படும் 3000 வாற்று என்பது பெரும்பாலும் சில விநாடிகளுக்கு மட்டும் தரக்கூடிய உச்ச வலுவாகும். மணிக்கணக்காகத் தரும் வலு அதனிற் குறைந்தது. எரிவாயுவில் ஓட்டும்போது அது மேலும் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு குறையும். ஆகவே, “எரிவாயுவில் தொடர்ந்து எத்தனை வாற்று?” என்று கேட்டு, இயந்திரத்திற் பதித்த தகட்டிலும் அதனைப் பார்க்குக.

அடுத்து வீட்டின் தேவையைக் கணக்கிடுக. 10 வாற்று விளக்குகள் ஐந்துக்கு 50. மின்விசிறிகள் இரண்டுக்கு 120. குளிர்சாதனப் பெட்டிக்கு 150. தொலைக்காட்சிக்கும் கைப்பேசிக்கும் 100. ஆக 420 வாற்று. அரைக் குதிரைவலுக் கிணற்று மோட்டார் ஓடும்போது ஏறத்தாழ 600 வாற்று கொள்ளும். ஆயினும், தொடங்கும் கணத்தில் அதனைப்போல் மும்மடங்கோ அதற்கு மேலோ கேட்கும். மும்மடங்கெனக் கொண்டால் 1800. மற்றவற்றுடன் சேர்ந்து 2220 வாற்றாகும். மோட்டாரை முதலில் ஓடவிட்டு, பின்னர் ஏனையவற்றை ஒவ்வொன்றாக இணைத்தால் இச்சுமை குறையும். ஒரு குதிரைவலு மோட்டாராயின் தொடக்கத்தில் 3000 வாற்றுக்கு மேலும் வேண்டப்படும். அதற்கு இவ்விரு இயந்திரங்களும் போதா.

2. நம் நாட்டு மின்சாரத்துக்குப் பொருந்துதல்

இலங்கையில் வழங்கும் மின்சாரம் 230 வோல்ற்று, 50 ஹேர்ட்ஸ். அமெரிக்காவுக்கெனச் செய்யப்பட்ட சில இயந்திரங்கள் 120 வோல்ற்று, 60 ஹேர்ட்ஸ் தருவன. பழைய பொருளாக மலிவாகக் கிடைப்பினும் அவற்றைத் தவிர்க்க. எரிவாயுக் குழாயின் முனை உங்கள் வீட்டுச் சிலிண்டரின் வாய்க்குப் பொருந்துகிறதா என்பதையும் கடையிலேயே பார்த்துக்கொள்க.

3. எரிபொருள்

இரட்டை எரிபொருளின் பெரும் பயன், ஒன்று கிடையாதபோது மற்றொன்று உதவுதல். ஆயின் 2022இல் பெற்றோலும் எரிவாயுவும் ஒரே காலத்தில் அருகிப்போயின என்பதை மறத்தலாகாது. பெற்றோல் சில மாதங்களிற் பழுதடைந்து காபரேற்றரில் பிசினாகப் படியும். எரிவாயுவோ சிலிண்டரில் ஆண்டுக்கணக்கில் கெடாது. எப்போதாவது ஓட்டும் வீட்டுக்கு இது பெரும் நன்மையாகும்.

செலவை ஒப்பிட எளிய வழியொன்றுண்டு. 12.5 கிலோ சிலிண்டரிலுள்ள வெப்பம் ஏறத்தாழ 17 இலீற்றர் பெற்றோலினதற்குச் சமமாகும். சிலிண்டரை நிரப்பும் விலையைப் 17ஆல் வகுத்து வரும் தொகை, ஒரு இலீற்றர் பெற்றோலின் விலையிலும் குறைவாயின் எரிவாயுவே இலாபம். சிறு சிலிண்டர்கள் பெருஞ்சுமைக்கு வாயு கொடுக்கையில் குளிர்ந்து அழுத்தம் குறையும். எந்தச் சிலிண்டரையும் படுக்கவைத்தல் கூடாது.

1990களில் பெற்றோல் கிடையாத யாழ்ப்பாணத்தில், சில துளி பெற்றோலால் தொடக்கி, மண்ணெண்ணெயில் இயந்திரங்களை ஓட்டினர். அது நெருக்கடியின் செயல். மண்ணெண்ணெய்க்கெனச் செய்யப்படாத புதிய இயந்திரத்தில் அதனை ஊற்றினால் இயந்திரம் கெடும்.

4. உள்ளமைப்பும் பழுதுபார்த்தலும்

ஒத்த தோற்றமுள்ள இயந்திரங்களின் விலை வேறுபாட்டுக்கு ஒரு காரணம் உள்ளே சுற்றப்பட்ட கம்பியாகும். செப்புக் கம்பி அலுமினியக் கம்பியிலும் வெப்பத்தை நன்கு தாங்கும். எது என்பதை விற்பனைச் சீட்டில் எழுதித் தரக் கேட்குக. மட்டக்களப்பு நகரிலோ, களுவாஞ்சிகுடியிலோ, வாழைச்சேனையிலோ, உங்களுக்கு அண்மையில் உதிரிப்பாகமும் பழுதுபார்ப்பவரும் கிடைக்கும் இயந்திரத்துக்கே முதலிடம் கொடுக்க. எழுவான்கரையின் உப்புக்காற்று இரும்பை விரைவில் அரிக்குமாதலால், ஓடாத வேளையில் இயந்திரத்தை உலர்ந்த இடத்தில் மூடி வைக்க. முதல் 20 மணித்தியாலத்தின் பின்னரும், அதன்பின் 100 மணித்தியாலத்துக்கு ஒருமுறையும் எண்ணெய் மாற்றுதல் பொதுவான முறையாகும். இயந்திரத்தின் கைநூலையும் பார்க்குக.

தோட்டத்துக்கு வேண்டாம்

களுதாவளை போன்ற மணற்பாங்கான ஊர்களில் மரக்கறிச் செய்கையாளர் சிலர், இதே இயந்திரத்தால் தோட்டத்துக்கும் நீரிறைக்க எண்ணக்கூடும். எரிபொருளை மின்சாரமாக்கி, மின்சாரத்தால் மோட்டாரைச் சுழற்றுதல் இருமுறை இழப்பாகும். தோட்டத்துக்கு இயந்திரத்துடன் நேரே இணைந்த நீரிறைக்கும் பம்பியே சிக்கனமானது. மின்பிறப்பாக்கி வீட்டுக்கும் குடிநீர்க் கிணற்றுக்கும் மட்டும் இருக்கட்டும்.

உயிரைக் காத்தல்

மழைக்கு அஞ்சி மின்பிறப்பாக்கியை வீட்டுக்குள்ளோ, விறாந்தையிலோ, நெல் வைக்கும் அறையிலோ ஓட்டாதீர்கள். அதன் புகையிலுள்ள காபனோரொட்சைட்டு நிறமும் மணமும் அற்றது. உறங்குவோரை உறக்கத்திலேயே கொன்றுவிடும். வீட்டிலிருந்து குறைந்தது 20 அடி தள்ளி, வெளியே, மேற்கூரை மட்டும் உள்ள திறந்த கொட்டிலில், புகைவாய் வீட்டுக்கு எதிர்ப்புறம் நோக்க வைக்க. எரிவாயு காற்றிலும் பாரமானதாகையால் கசிந்தால் தரையோடு பரவித் தங்கும். சிலிண்டரைப் பள்ளத்தில் வைக்காதீர்கள். ஓடும் இயந்திரத்தில் பெற்றோல் ஊற்றலாகாது.

மின்பிறப்பாக்கியின் கம்பியைச் சுவரிலுள்ள துளையிற் செருகி வீட்டுக்கு மின்சாரம் கொடுப்பது பெருங்குற்றத்துக்கு ஒப்பாகும். அம்மின்சாரம் வெளிக்கம்பிக்கு ஏறி, வெள்ளத்தில் நின்று கம்பியைச் சீர்செய்யும் தொழிலாளியைக் கொல்லக்கூடும். தகுதி பெற்ற மின்னியலாளரைக் கொண்டு மாற்று ஆளி பொருத்துவிக்க. அன்றேல் வேண்டிய பொருட்களை இயந்திரத்தில் நேரே இணைக்க.

எரிவாயுவில் தொடர்ந்து தரும் வலு உங்கள் கணக்குக்குப் போதுமாயின், பெரிய எண்ணுள்ளதற்கு மேலதிகப் பணம் கொடுக்க வேண்டியதில்லை. இரண்டும் போதுமாயின், அண்மையில் பழுதுபார்க்கக் கூடியதையே கொள்க. மாரி தொடங்குமுன் வாங்கி, ஒருமுறை பெற்றோலிலும் ஒருமுறை எரிவாயுவிலும் முழுச்சுமையுடன் ஓட்டிப் பாருங்கள். குறையிருப்பின் மழைக்கு முன்னரே அறிதல் நன்று.